லோரி திரும்பி வந்த வாரங்கள்

சுபத்ராவுக்கு எதையும் ‘அது அப்படித்தான்’ என்று விட்டுவிடத் தெரியாது. பிரிஞ்சாங் ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே ஐம்பது வயதைத் தாண்டியவள். தொழிற்சாலையில் தேயிலைத் தூளைப் பொட்டலம் போடும் பிரிவில் வேலை. ஒரே மலையில் பறித்த இலை மழைக்காலத்தில் ஒரு நிறமாகவும் வெயில்காலத்தில் வேறு நிறமாகவும் ஏன் சாயம் இறங்குகிறது என்று கேட்பாள். பனி அடர்ந்த காலையில் கோயில் மணிச்சத்தம் ஏன் பக்கத்தில் கேட்பதுபோல் இருக்கிறது என்று கேட்பாள். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன கணக்கெழுதும் கிராணி, “ஒன்னய பள்ளிக்கூடத்துல வாத்தியாரா போட்டிருக்கணும், இல்ல போலீசுல போட்டிருக்கணும். இங்க வந்து எங்க உசுர வாங்குற” என்று ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

அவளுடைய நோயைக்கூட அவளேதான் முதலில் கண்டுபிடித்தாள்.

பொட்டலம் போடும் மெஷினுக்கு ஒரு தாளம் உண்டு. டக், டக், டக் என்று பிசகாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அதன் பக்கத்தில் நின்றபோது தன் நெஞ்சுக்குள்ளும் ஏதோ அடித்துக்கொள்வதைக் கவனித்தாள். மெஷின் நேராகப் போனது, நெஞ்சு அப்படிப் போகவில்லை. இரண்டடி ஓடும், நிற்கும், தடுக்கி விழுந்ததுபோல மூன்றடி வேகமாக ஓடும். வேறு யாராக இருந்தாலும் பயந்து உட்கார்ந்திருப்பார்கள். சுபத்ரா பக்கத்து மேசையிலிருந்த மணியம்மாவைக் கூப்பிட்டு, தன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கச் சொன்னாள்.

மணியம்மா காதை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“என்னாடி இது, உள்ளுக்குள்ள கோழி பொறாண்டுற மாதிரி இருக்கு.”

“நல்லா கேளு. ஒரே மாதிரி பொறாண்டுதா, விட்டு விட்டுப் பொறாண்டுதா?”

“அடி போடி. கேள்வி கேக்குற நேரமா இது. ஒம் புருசன கூப்புடுறேன் இரு.”

தானா ராத்தா டவுன் மருத்துவமனையில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்துக்குள் இருக்கும் ஒரு கதவைச் சுருங்க வைத்திருக்கிறது. அதனால் மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று அதற்குப் பெயர். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டால் பேச்சு போகும், கை கால் விழும்.

“கட்டி புடிக்காம இருக்க வார்ஃபரின் மாத்திரை தர்றோம். இதுக்கு வேற புது மாத்திரைங்களும் இருக்கு, ஆனா ஒங்க சுருங்குன கதவுக்கு அதெல்லாம் சரிவராது. இதத்தான் சாப்புடணும். அடிக்கடி வந்து ரத்தம் பாக்கணும். ரத்தம் எவ்வளவு சீக்கிரம் ஒறையுதுன்னு பாக்குற கணக்கு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கணும். கொறஞ்சா கட்டி புடிக்கும், கூடுனா எங்கயாவது ரத்தம் கசியும்.”

சுபத்ரா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது அதிசயமாக இருந்தது. தன் உடம்புக்குள் இத்தனை காலமாக ஒரு கதவு இருந்திருக்கிறது, அதைப் பற்றி யாரும் அவளிடம் சொன்னதே இல்லை.

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் திருச்செல்வத்தின் காதில் ‘கை கால் விழும்’ என்ற சொற்களுக்குப் பிறகு ஒன்றுமே ஏறவில்லை. அவன் தோட்டத்தில் மண்டோர். வெளிநாட்டு ஆட்களை வைத்து மலையில் இலை வெட்டும் வேலையை மேற்பார்வை பார்ப்பவன், மலையே அதிரும்படிக் குரல் கொடுப்பவன். அவனுடைய அண்ணன் சாம்பசிவம் இதேபோல ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது சரிந்து விழுந்தவர். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு திரும்பவில்லை. ஊட்டிவிட்டதும் குளிப்பாட்டியதும் இவன்தான். கடைசி நாட்களில் ஒரு கரண்டிக் கஞ்சியை விழுங்கவைக்க இவன் கெஞ்சிய கெஞ்சல் லயத்து வீட்டு வரிசைக்கே தெரியும். டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்தபோது அவன் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. வெளியே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத குளிர்.

*

மாத்திரை தொடங்கியது. சிக்கலும் அதோடு சேர்ந்து தொடங்கியது.

சுபத்ராவின் ரத்தம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒருமுறை போனால் கணக்கு சரியாக இருக்கும். அடுத்த முறை இரண்டுக்கு வெகு கீழே விழுந்து கிடக்கும். அதற்கடுத்த முறை தானாகவே கொஞ்சம் ஏறியிருக்கும். பிறகு மறுபடி சரிவு. மாத்திரையை ஒருநாளும் அவள் விட்டதில்லை. மாலையில் சாமி விளக்கு ஏற்றிய கையோடு மாத்திரையையும் விழுங்கிவிடுவாள்.

வார்ஃபரின் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மருந்தாளர் சபிஹா. தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜப்பாரின் மகள். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லோரையும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவது தோட்டத்து வழக்கம். சபிஹாவும் மிஸ்ஸி ஆகிப்போனாள்.

“மாத்திரைய மறந்தீங்களாக்கா?”

“இல்ல மிஸ்ஸி.”

“வேற மருந்து, நாட்டு மருந்து, சீன மருந்து ஏதாவது? தேய்க்கிற தைலம்கூட ரத்தத்துல எறங்கும்.”

“இல்ல மிஸ்ஸி.”

“சாப்பாடு? கீரை, பச்சைக் காய்லாம் திடீர்னு கூட்டுறது கொறைக்கிறது?”

“பசார்ல கொஞ்சமாத்தான் வாங்குவோம் மிஸ்ஸி. எப்பவும் ஒரே மாதிரிதான்.”

இந்தக் கடைசிப் பதிலில் ஒரு பொய் இருந்தது. அதைச் சொல்கிறோம் என்ற நினைப்புகூட அவளுக்கு இல்லை. ஏனென்றால் அந்தப் பொய் அவளுடையது மட்டுமல்ல, அந்த லயத்தில் இருந்த அத்தனை வீடுகளுக்கும் பொதுவானது.

சுபத்ராவின் தம்பி தர்மா காய்கறி லோரி ஓட்டுகிறான். திரிங்காப்பில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பண்ணையிலிருந்து கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிப் போவான். சந்தையில் விலை விழுந்த வாரங்களில் வியாபாரிகள் பாதிச் சரக்கை வேண்டாமென்று தள்ளிவிடுவார்கள். கைலான், பசலை, கடுகுக்கீரை என்று சாக்குச் சாக்காக லோரி மலையேறித் திரும்பி வரும். திரும்பி வந்ததைப் பண்ணையின் உரக்குழியில் கொட்ட வேண்டும் என்பது தவுக்கேயின் உத்தரவு. அதற்குக் காரணமும் இருந்தது. முன்பு இருந்த டிரைவர் நல்ல சரக்கையே ‘தள்ளிவிட்டார்கள்’ என்று சொல்லி வழியில் விற்றுத் தின்றவன். அவனை விரட்டிய அன்று, இனி எவனாவது ஓர் இலையை வெளியே கொடுத்தாலும் வேலை போய்விடும் என்று தவுக்கே எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்.

தர்மாவுக்குப் பச்சையாக இருக்கும் இலையைக் குழியில் கொட்ட மனது வராது. வருகிற வழியில் லயத்துக்கு மேலே ரோட்டோரம் நான்கு சாக்கை இறக்கிவிட்டுப் போவான். பெண்கள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அந்த வாரம் முழுக்க எல்லா வீட்டிலும் கீரை மணம் அடிக்கும். காலையில் கீரை, மத்தியானம் கீரை, பூண்டு தட்டிப்போட்டு இரவுக்கும் கீரை. கெட்டுப்போவதற்குள் தின்று தீர்க்க வேண்டுமே. யாராவது கேட்டால் ‘பசார்ல வாங்குனது’ என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்லும். மிஸ்ஸி கேட்டபோது சுபத்ராவின் வாயிலிருந்து வந்ததும் அதேதான்.

சபிஹா மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டும்படி டாக்டரிடம் பேசினாள். சொன்ன விவரங்களுக்கு அதுதான் சரியான முடிவு.

*

தன் ரத்தம் ஏன் இப்படி ஆடுகிறது என்று சுபத்ராவுக்கு அறிந்தே ஆக வேண்டும் போலிருந்தது.

முதலில் குளிரின் மேல் சந்தேகப்பட்டாள். குளிரில் நெய் உறைகிறதே, ரத்தமும் அப்படித்தானோ என்று இரண்டு ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தாள். பிறகு நடையின் மேல் சந்தேகம் வந்தது. தொழிற்சாலைக்கு மேட்டு வழியை விட்டுவிட்டுச் சுற்று வழியில் போனாள். அதற்குப் பிறகு தேநீரைச் சந்தேகப்பட்டாள். இது எளிதான காரியமில்லை. பிறந்ததிலிருந்து தேநீரில் வளர்ந்த உடம்பு. ஆனாலும் ஒரு மாதம் முழுக்க ஒரு சொட்டுத் தொடவில்லை. மணியம்மா தொழிற்சாலை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

“டீத் தோட்டத்துல பொறந்து, டீயப் பொட்டலம் போட்டுட்டு, வீட்டுக்குப் போயி மைலோ குடிக்கிறாளாம். மேனேஜருக்குத் தெரிஞ்சா பேர வெட்டிருவாரு லா.”

“சிரி, நல்லா சிரி. கண்டுபுடிச்சு வந்து சொல்றேன் பாரு.”

அந்த மாதமும் கணக்கு விழுந்துதான் கிடந்தது. தேநீர் குற்றமற்றது என்று தெரிந்ததில் அவளுக்குப் பாதி ஏமாற்றம், பாதி மகிழ்ச்சி. அன்று சாயங்காலம் மூன்று குவளை குடித்தாள்.

திருச்செல்வத்துக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் பிடிக்கவில்லை. அவன் கணக்கு எளிமையானது. மாத்திரை சாப்பிட்டால் கணக்கு நிற்கும். கணக்கு நிற்கவில்லை என்றால் இவள் மாத்திரை சாப்பிடவில்லை.

“எனக்கு முன்னாடி போடு” என்றான் ஒருநாள்.

போட்டாள்.

“வாயத் தொற.”

சுபத்ரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளைத் திட்டியிருக்கிறான், கோபத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளியிருக்கிறான். ஆனால் நீ பொய் சொல்கிறாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவள் வாயைத் திறந்தாள். கண்ணில் நிறைந்துவிட்ட நீரை அவன் பார்த்தான். பார்த்தும், “நாக்கத் தூக்கு” என்றான். அவன் குரல் நடுங்கியது. அது அதட்டும் குரல் இல்லை. கஞ்சிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் கெஞ்சிய அதே குரல். அது சுபத்ராவுக்குப் புரிந்தது. புரிந்ததால் அவளால் சண்டை போடவும் முடியவில்லை. சண்டை போட முடியாத அவமானம் எப்படி அறுக்கும் என்பதை அன்றுதான் அறிந்தாள்.

அதிலிருந்து தினமும் விளக்கு ஏற்றியதும் இந்தச் சடங்கு நடந்தது. அவள் வாயைத் திறப்பாள், அவன் எட்டிப் பார்ப்பான், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போவார்கள். கணக்கு மட்டும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. இவள் எங்கேயோ ஒளித்து வைத்துத் துப்புகிறாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

*

சீனப் புத்தாண்டு நெருங்கிய நாட்களில் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. பண்ணைகளில் பாதிக் கீரை அழுகியது, மீதிக்கு விலை ஏறியது. சந்தையில் கீரைக்கு அடிதடி என்று தர்மா சொன்னான். லோரி ஒவ்வொரு முறையும் காலியாகத்தான் திரும்பியது. லயத்துச் சமையலறைகளில் கருவாடும் உருளைக்கிழங்கும் பருப்பும் வெந்தன.

அந்த நாட்களில்தான் சுபத்ராவின் கையில் நீலத் தடங்கள் தோன்றின. பெட்டி லேசாக இடித்தாலே கன்றிப்போனது. காலையில் துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. பல் ஈறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சமையலறை மூலையில் கீரை போட்டு வைக்கும் பிளாஸ்டிக் கூடையைக் கழுவி வைக்கலாம் என்று எடுத்தாள். அது ஏற்கனவே காய்ந்து கிடந்தது. அடியில் ஒட்டியிருக்கும் ஈரமண்கூட இல்லை. கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எத்தனை வாரமாக இது காய்ந்து கிடக்கிறது? எத்தனை வாரமாகத் தன் உடம்பு கன்றுகிறது?

அவள் மனம் பின்னோக்கி ஓடியது. கணக்கு மிக மோசமாக விழுந்த அந்த முறை எப்போது? கோயில் திருவிழா முடிந்த வாரம். திருவிழாவுக்குக் கைலானை அண்டாவில் வதக்கிப் போட்டார்களே, லோரி முக்கால் பாரத்தோடு திரும்பி வந்ததே. அதற்கு முந்தைய சரிவு? அது தேநீரை விட்ட மாதம். மணியம்மாவின் வீட்டுக்கு ஓடினாள்.

“மணி, நான் மைலோ குடிச்சிக்கிட்டிருந்தப்ப லோரி சரக்கோட வந்துச்சா?”

“வந்துச்சாவா? பசலைய ஆட்டுக்கே போட்டோம், ஆடே மூஞ்சத் திருப்பிக்கிச்சு. ஏன் கேக்குற?”

வாசலில் நின்றபடி சுபத்ரா சிரித்தாள். கோலாலம்பூரில் யாரோ ஒரு வியாபாரி கைலானை வேண்டாமென்று தள்ளுகிறான், இங்கே மலை உச்சியில் ஒருத்தியின் ரத்தம் கட்டிப்படுகிறது. அவன் வேண்டும் என்று வாங்கிவிட்டால் இங்கே ரத்தம் தண்ணீராகிறது. என்னவொரு கூத்து இது என்று வியந்தாள். இத்தனை மாதத்தில் அவள் மனம் இவ்வளவு லேசாக இருந்ததில்லை. மாத்திரை விஷயத்தில் தான் பொய் சொல்லவில்லை, தன் ரத்தமும் பொய் சொல்லவில்லை. உடனே புருஷனிடம் போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்கே மிஸ்ஸியிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

வீட்டுப் படி ஏறும்போதுதான் தர்மாவின் நினைப்பு வந்தது.

மிஸ்ஸியிடம் சொன்னால் யார் கொடுத்தது என்று கேட்பாள். மிஸ்ஸியின் அப்பா கடையில்தான் லோரிக்காரர்கள் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். திரிங்காப் தவுக்கேயும் அங்கேதான் வந்து ரொட்டி சானாய் தின்கிறார். ஒரு சொல் அங்கே விழுந்தால் சாயங்காலத்துக்குள் தவுக்கே காதுக்குப் போய்விடும். தர்மாவின் கடைசி மகளுக்கு இப்போதுதான் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. புருஷனிடம் சொன்னாலோ, அவன் நேராக மிஸ்ஸியிடம் போய் நிற்பான்.

வாயில் வந்து நின்ற பதிலை சுபத்ரா விழுங்கிக்கொண்டாள். அன்று மாலையும் வாயைத் திறந்து காட்டினாள்.

*

இரண்டு நாள் கழித்து, தொழிற்சாலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகத் தொடங்கியது. துண்டை வைத்து அழுத்தினாள். துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு நனைந்தது. திருச்செல்வம் வந்து பார்த்தபோது அவள் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவந்திருந்தது.

“என்னா பண்ண? கோவத்துல மொத்தமா முழுங்கிட்டியா? என்னய பழிவாங்கணும்னே முழுங்கினியா?”

“இல்லங்க.”

“பின்ன எப்படிடீ இது” என்றான். பக்கத்து வீட்டு வேனில் ஏற்றி, வழியெல்லாம் அவள் மூக்கைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனான்.

கணக்கு ஐந்தைத் தாண்டியிருந்தது. மூக்கில் பஞ்சு அடைத்து, தலைவலி உண்டா, வயிற்றுவலி உண்டா என்று பார்த்து, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தி, படுக்கையில் போட்டுக் கவனித்தார்கள். ரத்தம் நின்ற பிறகு சபிஹா வந்து கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திருச்செல்வம் முந்திக்கொண்டான்.

“மிஸ்ஸி, இவகிட்ட கேட்டு பிரயோசனம் இல்ல. ஒருநா துப்புறா, ஒருநா ரெண்டு ரெண்டா முழுங்குறா. இனிமே மாத்திரைய நானே பூட்டி வச்சிக்கிறேன்.”

“அண்ணே, மாத்திரையப் பத்தியே மாசக்கணக்கா பேசிட்டோம். அதுல ஒன்னும் கெடைக்கல” என்றாள் சபிஹா. “மாத்திரைய விட்டா கணக்கு எறங்கும், சரி. ஆனா கூட்டுன மாத்திரைய ஒழுங்கா சாப்புட்டாத்தான் இப்படி ஏறும். ஒரே ஆளு ஏன் ரெண்டும் செய்யணும்? எனக்கு இது வெளங்கவே இல்ல.” அவள் சுபத்ராவின் பக்கம் திரும்பினாள். “நீங்க என்னாக்கா நெனைக்கிறீங்க? ஒங்க ஒடம்பு. ஒங்களுக்கு என்னா தோணுது?”

இதுவரை எல்லோரும் அவளிடம் செய்தாயா, சாப்பிட்டாயா, மறந்தாயா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்டதில்லை. வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பழகியவளுக்கு இந்த ஒரு கேள்வியைத் தாங்க முடியவில்லை. தம்பியின் முகம் கண் முன்னால் வந்தது. அண்ணன் கிடந்த கட்டிலைப் பார்ப்பதுபோலத் தன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் புருஷனின் முகமும் தெரிந்தது.

“நான் சொல்லிருவேன் மிஸ்ஸி. சொன்னா ஒரு குடும்பத்துக்கு வேல போயிரும்.”

“என்னான்னு மட்டும் சொல்லுங்க. யாரு, எவருன்னு எதுவும் எனக்கு வேணாம்.”

“கேக்க மாட்டீங்களே?”

“கேட்டு என்னாக்கா பண்ணப்போறேன்? பேரு ரத்தத்துல கலக்காது. எவ்வளவு சாப்புட்டீங்க, எப்ப சாப்புட்டீங்க, அதுதான் கலக்கும்.”

சுபத்ரா சொன்னாள். லோரி என்று சொல்லவில்லை, தர்மா என்று சொல்லவில்லை. சில வாரங்களில் வீட்டுக்குச் சாக்குக் கணக்கில் கீரை வரும், மூன்று வேளையும் அதுதான், சில வாரங்களில் ஓர் இலைகூட வராது என்றாள். கணக்கு விழுந்த வாரங்களையும் கீரை வந்த வாரங்களையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லச் சொல்ல, சபிஹா நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள்.

“கைலானா? எவ்வளவு இருக்கும், ஒரு தட்டா?”

“தட்டா? சோறு கொஞ்சம், கைலான் தட்டு நெறைய.”

சபிஹா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். “அக்கா, அந்தப் பச்சை எலையில வைட்டமின் கே-ன்னு ஒன்னு இருக்கு. இந்த மாத்திரை ரத்தத்த எளக்கப் பாக்குது, அது திருப்பிக் கட்டப் பாக்குது. நீங்க கீரைய அள்ளித் தின்ன வாரம் பாத்து நான் மாத்திரைய கூட்டியிருக்கேன். இப்ப கீரை நின்னு போச்சு, கூட்டுன மாத்திரை மட்டும் நிக்குது.”

“அப்ப கீரையே ஆவாதா மிஸ்ஸி?”

“அது ஒங்களுக்கு எதிரி இல்லக்கா. வீட்டுல கீரை மலையா குமிஞ்சாலும் ஒரு கரண்டி. இல்லாட்டி பசார்ல வாங்கியாவது அதே ஒரு கரண்டி. நீங்க ஒரே அளவுல நில்லுங்க, நான் மாத்திரைய அதுக்குத் தக்கன வச்சிர்றேன்.”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு திருச்செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். சபிஹா எழுந்து போன பிறகும் அவன் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, “நானுந்தானே அந்தக் கைலானத் தின்னேன்” என்றான். “ஒரே சட்டியில.”

“ஆமா.”

“ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஞாயித்துக்கெழமதான் தெரிஞ்சுச்சு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க நம்புற நெலமையில இல்ல.”

அவன் கட்டிலருகே வந்தான். அவள் கையில் கன்றிப்போயிருந்த நீலத் தடத்தின் மேல், தொட்டால் வலிக்குமோ என்ற பயத்தோடு, தன் விரலை வைத்தான். அண்ணன் செத்த அன்றுகூட அவன் அழுததை அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். வார்டில் இருந்த மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

*

தர்மாவிடம் சுபத்ராவே சொன்னாள். லோரியை ஓரம் கட்டிவிட்டு அவன் கேட்டான். கேட்டு முடித்ததும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

“அப்ப நாந்தான் ஒனக்கு வெசத்தக் கொண்டாந்து குடுத்தேனா?”

“கீரை எப்புடிடா வெசமாவும்? அத்தன வூட்டுப் புள்ளைங்க தின்னுச்சு. நாந்தான் வயிறு முட்டத் தின்னேன்.”

“மிஸ்ஸிகிட்ட எம் பேரச் சொன்னியாக்கா?”

“அவ கேக்கவே இல்லடா.”

தர்மாவுக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. ஜப்பார் கடையில் மூன்று முறை சாப்பிட்டுப் பார்த்தான். யாரும் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் தவுக்கேக்குத் தெரியாமல் சாக்கு இறக்குவதை அவன் குறைத்துக்கொண்டான். பயம் ஒரு முறை தலைக்குள் புகுந்துவிட்டால் லேசில் இறங்காது. லயத்துப் பெண்கள் சிலருக்கு அதில் சுபத்ராவின் மேல் வருத்தம்தான். “ஒரு ஆளுக்கு ஒத்துக்கலன்னு ஊருக்கே கீரை போச்சு” என்று மணியம்மாவே ஒருநாள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். திருச்செல்வம் வாரம் ஒருமுறை கியா பார்ம் சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் போய் மனைவிக்கென்று கைலான் கட்டுகள் வாங்கி வந்தான். அதில் இரண்டை மணியம்மா வீட்டுப் படியில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்ததைச் சுபத்ரா பார்த்தாள்.

கணக்கு உடனே அடங்கவில்லை. ஆடி ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. அது முதல்முறை நின்ற அன்று சபிஹா அவளிடம் ஒன்று கேட்டாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் கணக்கு நிற்காமல் திட்டு வாங்குகிற தோட்டத்து ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். என்னிடம் சொல்லத் தயங்குவதை உங்களிடம் சொல்லலாம். அடுத்த முறை வரும்போது கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார முடியுமா?

சுபத்ரா விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள்.

முதல் ஆள் பக்கத்துத் தோட்டத்துக் குணாளன். பக்கத்தில் அவர் மனைவி ருக்குமணி. அவள் முகத்தில் இருந்த கோபம் சுபத்ராவுக்கு நன்றாகத் தெரிந்த கோபம். சுபத்ரா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அண்ணே, கீரை எப்படி? ஒரு வாரம் நெறைய, ஒரு வாரம் இல்லாம?”

“கீரையா? நான் கீரையே தொடுறதில்ல. சின்ன வயசுலேருந்து புடிக்காது.”

“கைலான்? பசலை?”

“பச்சையா எது இருந்தாலும் தட்டுல ஒதுக்கி வச்சிருவாரு” என்றாள் ருக்குமணி. “நான் சொல்றேன் கேளுங்க, இவரு மாத்திரைய ஜன்னல் வழியா வீசுறாரு.”

“அவரு வீசலன்னுதான் சொல்றாரு, அக்கா. அதயும் கொஞ்சம் கேப்போம்.”

குணாளன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பல மாதங்களாக யாரும் அவர் பக்கம் பேசியதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

சுபத்ராவுக்குள் பழைய அரிப்பு தொடங்கிவிட்டது. கீரை இல்லை, அப்படியானால் வேறு எது? அறைக்கு வெளியே அவளுக்காகக் காத்திருந்த திருச்செல்வம் வீட்டுக்குப் போகலாம் என்று சைகை காட்டினான். பொறுங்கள் என்று கையால் காட்டிவிட்டு, தன் நாற்காலியைக் குணாளனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“காலையில எந்திரிச்சதுலேருந்து சொல்லுங்கண்ணே. மொதல்ல என்னா பண்ணுவீங்க?”

“மொதல்ல முட்டிக்குத் தைலம் தேய்ப்பேன்.”

“என்னா தைலம்?”

“அது…” என்று குணாளன் மனைவியைப் பார்த்தார். ருக்குமணியின் கண்கள் சுருங்கின.

“எங்க வாங்குனீங்கன்னு கேக்கல” என்றாள் சுபத்ரா. “எவ்வளவு தேய்ப்பீங்க?”